பக் டிராக்கர்: எதை நிறுவுவது, டிக்கெட்டை யார் மூடுவது?

கேள்வி: எங்கள் குழுவில் 6 டெவலப்பர்கள், 2 டெஸ்டர்கள். பக் பட்டியலில் பாதி எக்செல் ஷீட்டில் இருக்கிறது, மீதி சாட் குரூப்பில் கிடக்கிறது. போன வருடம் ஒரு பக் டிராக்கர் (பிழைகளைப் பதிந்து, திருத்தி முடியும்வரை பின்தொடர உதவும் மென்பொருள்) நிறுவினோம். கொஞ்ச நாளில் யாரும் அதன் பக்கமே போகவில்லை. டெவலப்பர் ‘முடித்துவிட்டேன்’ என்கிறார், டெஸ்டர் ‘இன்னும் வருகிறது’ என்கிறார். தினமும் இதே வாக்குவாதம். எந்த மென்பொருளைப் போடலாம்? எங்கள் வசதிக்கு நாங்களே ஒன்று எழுதிக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எழுத வேண்டாம். ஒரு படிவம், ஒரு டேபிள், ஒரு லாகின், இரண்டு நாள் வேலை என்றுதான் தோன்றும். பிறகு ஸ்கிரீன்ஷாட் இணைக்க வழி கேட்பார்கள். டிக்கெட் (ஒரு பக்குக்கான பதிவு) தன் பேருக்கு வந்தால் மெயில் வேண்டும் என்பார்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு, தேடல், யாருக்கு எந்த அனுமதி என்று அது வளர்ந்துகொண்டே போகும். அப்புறம், உங்கள் பக் டிராக்கரில் வரும் பக்கை எங்கே பதிவது என்று ஒருவர் கேட்பார்.

எதைப் போடுவது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். கோடு ஏற்கெனவே கிட்ஹப், கிட்லேப் போன்ற கோடு சேமிக்கும் தளத்தில் இருந்தால் அங்கேயே உள்ள ‘இஷ்யூஸ்’ என்ற பக் பதியும் வசதி 8 பேருக்குப் போதும். சொந்த சர்வரில்தான் இருக்க வேண்டும் என்றால் மேன்டிஸ் (பிஎச்பியில் எழுதியது) அல்லது ரெட்மைன் (ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதியது). இரண்டும் இலவசம், திறந்த மூலம். 1998 முதல் இருக்கும் பக்ஸில்லா உறுதியானது, ஆனால் அதன் படிவத்தைப் பார்த்தாலே புதியவர்கள் மிரள்வார்கள். ஜிரா என்ற டிராக்கரால் எல்லாம் முடியும். அதை ஒழுங்காகக் கட்டமைக்க ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும். அதன் சாதாரண சர்வர் பதிப்புக்கான ஆதரவு 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டதால், பழைய கட்டுரைகளை நம்பி அதைத் தேடி அலையாதீர்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் அந்தத் தினசரி வாக்குவாதத்தில் இருக்கிறது. ‘முடித்துவிட்டேன்’ என்று டெவலப்பர் சொல்லும்போது, கோடைத் திருத்திவிட்டேன் என்கிறார். டெஸ்டர் பார்ப்பதோ நேற்றைய பில்டை (கோடிலிருந்து உருவாக்கிய, ஓட்டிப் பார்க்கும் பதிப்பை). இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டையும் ஒரே ‘க்ளோஸ்டு’ நிலையில் அடைத்தால் சண்டைதான் வரும். பக்ஸில்லா இதை எப்போதோ பிரித்துவிட்டது: திருத்தியவர் ‘ரிசால்வ்டு’ என்று வைப்பார், சோதித்தவர் ‘வெரிஃபைடு’ என்று வைப்பார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டெவலப்பர் ‘ரிசால்வ்டு’ வரை மட்டுமே நகர்த்தலாம். எந்த பில்டில் திருத்தம் இருக்கிறது என்று அப்போதே எழுத வேண்டும். அந்த பில்டில் சோதித்துப் பார்த்து மூடுவதும் ரீஓப்பன் செய்வதும் டெஸ்டர் வேலை. ரெட்மைனில் எந்தப் பொறுப்பில் உள்ளவர் எந்த நிலையிலிருந்து எதற்கு மாற்றலாம் என்று தனித்தனியாக டிக் செய்யும் வசதி உண்டு. வாய்ச்சொல்லாக விடாமல் அதில் பூட்டிவிடுங்கள்.

கிட்ஹப், கிட்லேப் பயன்படுத்துவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கமிட் செய்யும்போது (கோடு மாற்றத்தைப் பதியும்போது) எழுதும் செய்தியில் ‘ஃபிக்ஸஸ் #12’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், அந்த மாற்றம் முதன்மைக் கிளையில் (குழுவின் பிரதான கோடில்) சேர்ந்த நொடியே 12-ஆம் இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். டெஸ்டர் தொடவே இல்லை! வெறும் #12 என்று மட்டும் எழுதினால் இஷ்யூவோடு ஒரு லிங்க் உருவாகும், இஷ்யூ திறந்தே இருக்கும்.

போன வருடம் நிறுவியது ஏன் கைவிடப்பட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. படிவத்தில் கட்டாயக் கட்டங்கள் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பதினைந்து கட்டம் நிரப்ப வேண்டுமென்றால் நான்கூட சாட்டில்தான் போடுவேன். தலைப்பு, எந்த பில்ட், என்ன செய்தால் வருகிறது, என்ன வர வேண்டும், என்ன வந்தது: இவ்வளவு போதும். தலைப்பில் மட்டும் கறாராக இருங்கள். ‘லாகின் வேலை செய்யவில்லை’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘பாஸ்வேர்டின் கடைசியில் இடைவெளி இருந்தால் லாகின் 500 பிழை தருகிறது’ என்றால் டெவலப்பர் டிக்கெட்டைத் திறக்கும் முன்பே பாதி கண்டுபிடித்துவிடுவார். எப்போதும் வருகிறதா, சில சமயம்தானா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மேன்டிஸில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு.

தீவிரம், முன்னுரிமை இரண்டையும் குழப்பாதீர்கள். யாரும் திறக்காத பழைய ரிப்போர்ட் ஒன்று கிராஷ் ஆனால் தீவிரம் அதிகம், அவசரம் குறைவு. முகப்புப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தால் நேர்மாறு. தீவிரத்தை டெஸ்டர் குறிக்கட்டும். முன்னுரிமையைப் புராடக்டுக்குப் பொறுப்பானவர் மட்டுமே தொடட்டும். எல்லோரும் தொட்டால் எல்லா டிக்கெட்டும் ‘அர்ஜென்ட்’ ஆகிவிடும்.

பாதுகாப்பை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். பக் டிராக்கர் என்பது உங்கள் மென்பொருளின் ஓட்டைகளின் பட்டியல். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லாவின் பக்ஸில்லாவிலேயே சிறப்பு அனுமதி பெற்ற ஒருவரின் கணக்கு வழியாக வெளியாள் நுழைந்து, வெளியிடப்படாத பாதுகாப்பு பக்குகளைப் படித்திருந்தது 2015-இல் தெரியவந்தது. கணக்குக்குச் சொந்தக்காரர் அதே பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் பயன்படுத்தியிருந்தார். இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். வாடிக்கையாளர் விவரம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை மறைக்காமல் ஏற்றாதீர்கள்.

பழைய எக்செலை மொத்தமாக இறக்குமதி செய்யும் ஆசை வரும், வேண்டாம். இரண்டு டெஸ்டர்களும் இப்போதைய பில்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் வருவதை மட்டும் டிக்கெட்டாகப் போடட்டும். அன்றே ஷீட்டை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். அதன்பின் சாட்டில் யார் பக் சொன்னாலும், மேனேஜரே சொன்னாலும், டிக்கெட் எண்ணைக் கேளுங்கள்; இல்லை என்றால் போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.