சிவப்பு வரைபடமும் மரச்சீனிக் கம்பும்: வாசகர் கேள்வி-பதில்

கே: சார், என் வாழையில் புதுசா ஒரு பூச்சி. போட்டோ அனுப்பியிருக்கேன். வெளிநாட்டுப் பூச்சியா? (ஊர் எழுதவில்லை)

ப: போட்டோவில் தெரிவது உங்கள் கட்டைவிரல். ஊர், தேதி, இலையின் அடிப்பக்கப் படம் மூன்றும் இல்லாமல் பெயர் கேட்டால் ஜோசியம்தான் சொல்லலாம். மறுபடி அனுப்புங்கள்.

கே: வெயில் கூடக் கூடப் பூச்சி பெருகும் என்கிறார்களே, நம்ம ஊரிலுமா? (தக்கலை)

ப: பாதி சரி. ஒரு கணக்குப் போடுவோம். 12 டிகிரிக்குக் கீழே வளராத பூச்சி, முட்டையிலிருந்து தாய்ப்பூச்சியாக 400 டிகிரி-நாள் (தினமும் 12-க்கு மேல் எத்தனை டிகிரியோ, அதன் கூட்டல்) வேண்டும் என்று வையுங்கள். சராசரி 28 டிகிரியில் தினம் 16 சேரும், 25 நாளில் ஒரு தலைமுறை. ஒரு டிகிரி கூடினால் 23, 24 நாள். வருஷத்துக்கு ஒரு தலைமுறை அதிகம், அவ்வளவே. சராசரி 15 டிகிரி உள்ள மலையூரில் அதே ஒரு டிகிரி, 133 நாளை 100 ஆக்கிவிடும். நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. சாறு உறிஞ்சும் பூச்சிகளை இங்கே அடக்கி வைப்பது மழை. இரண்டு பருவமழைக்கும் நடுவே வறட்சி நீள்கிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டரை விட மழைமானி உங்களுக்கு அதிகம் சொல்லும்.

கே: 2050-இல் பூச்சி எங்கெல்லாம் இருக்கும் என்று காட்டும் ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்தது. குமரி மாவட்டம் முழுக்கச் சிவப்பு. தென்னையை வெட்டிவிட்டு ரப்பர் வைக்கலாமா? (கருங்கல்)

ப: வெட்டாதீர்கள்! இதே படத்தை இந்த மாதம் நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். எந்தப் பூச்சி, எந்தப் பயிர் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

அந்தச் சிவப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பூச்சி இப்போது இருக்கும் இடங்களின் தட்பவெப்பம் எப்படியோ, அதே மாதிரி இங்கேயும் இருக்கும். வரும் என்று சொல்லவில்லை. வந்தால் பிழைக்கும் என்கிறது. அதுவும் உலகில் கரியமில வாயுப் புகை எவ்வளவு வெளியேறும் என்ற ஓர் அனுமானத்தின் மேல். அனுமானத்தை மாற்றினால் நிறம் மாறும். பூச்சி இருந்த இடம் என்று கணினிக்குக் கொடுத்த புள்ளிகளும் பெரும்பாலும் ரோட்டோரமும் ஆராய்ச்சி நிலையங்களைச் சுற்றியும் எடுத்தவை. யாரும் போகாத விளையில் பூச்சி இல்லை என்று அர்த்தமா? இப்போதைய தட்பவெப்பம் என்று எடுத்ததோ பெரும்பாலும் 1970 முதல் 2000 வரையிலான சராசரி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கட்டம். ஆரல்வாய்மொழிக் காற்றையும் பேச்சிப்பாறை ஈரத்தையும் ஒரே நிறத்தில் பூசிய படம் எனக்கு வேண்டாம். பூச்சியைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் பூஞ்சாணமும் அந்தப் படத்தில் எங்கே?

தென்னையில் சாறு உறிஞ்சும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயைப் பாருங்கள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டார்கள். சில வருஷத்தில் தென்னை இருக்கும் இடமெல்லாம் வந்துவிட்டது. அந்த ஈ தானாகப் பறப்பது கொஞ்ச தூரம்தான். மீதியை நம் வண்டிகள் பார்த்துக்கொண்டன. போன மாதம் ஒரு நாற்றுக்கடையில் தென்னங்கன்றின் ஓலையைத் திருப்பினேன். அடியில் வெள்ளை மெழுகோடு சுருள் சுருளாக முட்டை. “அது தூசி சார், தண்ணி அடிச்சா போவும்” என்றார் கடைக்காரர். அதற்குள் ஒருவர் பத்துக் கன்றை மினி லாரியில் ஏற்றிவிட்டார். அந்த வண்டி போன பாதையை எந்தக் கணினி மாடலில் போடுவது? பூச்சி பரவுவதைக் கணிக்கிறவர்கள் மழையோடு நாற்றுச் சந்தையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருபது வருஷமாகக் கத்துகிறேன். கன்று வாங்கும்போது இலையின் அடிப்பக்கம் பாருங்கள்.

கே: சேலத்தில் இருந்து நல்ல ரக மரச்சீனி (மரவள்ளி) கம்பு கொண்டுவருகிறார் மச்சான். நடலாமா? (குலசேகரம்)

ப: மச்சானைத் தடுத்து நிறுத்துங்கள். மரச்சீனி மாவுப்பூச்சியை 2020-இல் திருச்சூரில் முதலில் பார்த்தார்கள். அடுத்து சேலம், நாமக்கல் வயல்கள் அடிவாங்கின. இந்தப் பூச்சிக்கு ஆண் தேவையில்லை, கணுவிடுக்கில் ஒன்று ஒளிந்து வந்தால் போதும். நுனி சுருண்டு கொத்தாகும், கணுவிடை குறுகும். அதைக் கொல்லும் அனாகைரஸ் லோபெசி என்ற குளவியை ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வரவழைத்து 2022-இல் விட்டார்கள், நல்ல பலன். அதற்காகப் பூச்சியைச் சீதனமாகக் கொண்டுவர வேண்டுமா? பக்கத்து விளையில், நுனி சுருளாத செடியில் கம்பு வெட்டுங்கள்.

கே: வெள்ளை ஈக்கு என்ன மருந்து அடிக்கணும்? (அருமனை)

ப: எதுவும் அடிக்காதீர்கள். மருந்து முதலில் கொல்வது, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியை. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், ஓலையின் அடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். கரும்பூஞ்சாணம் படிந்தால் மைதாக் கஞ்சி தெளியுங்கள்; காய்ந்து உரியும்போது கருப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.

கே: பூச்சி எங்கே பிழைக்கும் என்று கணிக்கும் மேக்ஸென்ட் என்ற கணினி மாடலில் எனக்கு ஏயூசி (கணிப்புக்கான மதிப்பெண், உச்சம் 1) 0.97 வந்திருக்கிறது. நல்ல மாடல்தானே ஐயா? (மாணவி, நாகர்கோவில்)

ப: பூச்சி தமிழ்நாட்டில், ஒப்பிட எடுத்த பின்னணிப் புள்ளிகள் ராஜஸ்தான் வரை. பாலைவனத்தைப் பிரித்துக் காட்டுவது சுலபம். 0.97 வராமல் என்ன செய்யும்? பின்னணியைத் தென்னை இருக்கும் இடங்களுக்குள் சுருக்கி மறுபடி ஓட்டம்மா. எண் இறங்கும், பயப்படாதே. குமரிப் புள்ளிகளை ஒதுக்கி வைத்து மாடலைப் பழக்கி, அப்புறம் குமரியில் சோதித்துப் பார்.

கே: ஆப்பிரிக்க நத்தைக்கு உப்பு போடலாமா? (மார்த்தாண்டம்)

ப: மண்ணில் போடாதீர்கள், மண் கெடும். மழைவிட்ட சாயங்காலம் ஈரச்சாக்கின் அடியில் பப்பாளி இலை வையுங்கள். கூடியதும் கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் இடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதில் இருக்கலாம். பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொல்லவே கூடாது.