முதல் தண்ணீரோடு வருவது

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தெரு தலைக்கிராமத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குப்பை வண்டி இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. எல்லோரும் வாய்க்காலில்தான் கொட்டுகிறார்கள், நானும் கொட்டியிருக்கிறேன். அப்புறம் கொல்லையில் எரித்துப் பார்த்தேன், அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. வேறு என்னதான் செய்ய?
- வாசகி, அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: 'நானும் கொட்டியிருக்கிறேன்' என்று எழுதினீர்களே தங்கச்சி, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

தாமிரபரணிக் கால்வாயில் லஸ்கராக 29 வருடம் மதகு திறந்து அடைத்தவன் நான். ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். கொட்டிய குப்பையும் அங்கேயே கிடக்கும். ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும், முதல் தண்ணீரோடு மொத்தமும் மதகுக்கு வந்துவிடும். தொரட்டியால் இழுத்துக் கரையில் போடுவோம். வேலையில் சேர்ந்த புதிதில் வாழைமட்டை, ஆகாயத்தாமரை, எப்போதாவது ஒரு செத்த ஆடு. ஓய்வு பெறும் நேரத்தில் பாதிக்குப் பாதி குழந்தைகளின் டயப்பர். ஊறித் தலையணை மாதிரி உப்பி, பலகை இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். தொரட்டி பட்டுக் கிழிந்தால் ஜவ்வரிசிக் கூழ் போல வழியும். தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கிற துகள் அது, லேசில் மக்காது. கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றால் ஏச்சு வாங்குவது நான்.

எரிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கொல்லைத் தீயில் பிளாஸ்டிக் அரைகுறையாகத்தான் எரியும். டையாக்சின் போன்ற நஞ்செல்லாம் அந்தப் புகையில் உண்டு. சாம்பலோ மழையில் கரைந்து அதே வாய்க்காலுக்குத்தான் போகும்.

காய்கறித் தோல், மீன் செதில் எல்லாவற்றுக்கும் கொல்லையில் மூன்றடிக் குழி ஒன்று போதும். போடும்போதெல்லாம் மேலே இரண்டு கை சருகு தூவுங்கள், நாறாது. பால் கவர், பாட்டில், அட்டையைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். யாருமே எடுக்காதது ஷாம்பு, பிஸ்கட் பாக்கெட்டுகள்தான். அவற்றைக் கழுவிக் காயவைத்து உரச்சாக்கில் போட்டு வாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு சாக்கு நிரம்ப இரண்டரை மாதம் ஆனது.

டயப்பருக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. பகலில் துணி, இரவில் மட்டும் டயப்பர் என்று குறைக்கலாம். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, சுருட்டி, மூடி போட்ட வாளியில் தனியே வையுங்கள்.

சரி, சாக்கை எங்கே கொண்டு போவது? கிராம சபைக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு உண்டு. தெருவில் பத்து வீட்டுச் சாக்குகளைக் கொண்டுபோய் நடுவில் வையுங்கள். தினமும் வண்டி வேண்டும் என்று கேட்காதீர்கள், ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். காய்ந்த குப்பைக்கு வாரம் ஒரு நாள் வந்தால் போதும். டயப்பர் வாளியும் அதிலேயே போய்விடும். 'எங்கள் தெருவுக்கு எந்தக் கிழமை?' என்று மட்டும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்களா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். எங்கள் ஊரில் முதல் தடவை வெறும் தாளில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கேள்வி: பாபநாசத்தில் காரியம் முடித்ததும் உடுத்திய துணியை ஆற்றிலேயே விடச் சொல்கிறார்களே, விடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம். பருத்தி என்றால் என்றைக்காவது மக்கும். இப்போது விடுகிற சேலையெல்லாம் பாலியஸ்டர். கல்லிடுக்கில் சிக்கிக் கிடந்து, குளிக்க இறங்குகிறவர் காலைச் சுற்றும். அங்கே தன்னார்வலர்கள் டன் கணக்கில் துணி எடுத்திருக்கிறார்கள். எங்கள் அப்பாவுக்குக் காரியம் செய்த அன்று ஐயரிடமே கேட்டேன். "முங்கி எழுந்தாப் போதும்" என்றார். வேட்டியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மாடு துடைக்க ரொம்ப நாள் உழைத்தது.