பச்சோந்திக் கூண்டுக்கு எந்தக் கிளை?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகன் ஏமன் நாட்டுப் பச்சோந்தி ஒன்று வளர்க்கிறான். கூண்டோடு வந்த வழவழப்பான உருட்டுக் கம்புகளில் அது சறுக்குகிறது. பின்கட்டில் கொய்யா, செம்பருத்தி, அரளி, சிரிங்கா நிற்கின்றன. எதை வெட்டி வைக்கலாம்?

பதில்: கொய்யாவும் செம்பருத்தியும் போதும். அரளிப் பக்கமே போகாதீர்கள். இலை, பட்டை, கட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் அரளியும் அப்படியே. சிரிங்கா வேம்பின் உறவுதான் என்றாலும் அதன் காயும் பட்டையும் விஷம். ஏமன் பச்சோந்தி பூச்சியோடு இலையையும் கடித்துத் தின்னும் என்பதால் இதில் சலுகை கிடையாது. பிசின் வடியும் பைனும், பால் வடியும் மரங்களும் வேண்டாம். மாவுப்பூச்சிக்கு மருந்தடித்த செம்பருத்தியாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

விஷத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், கிளையின் பருமனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பச்சோந்தியின் கால் ஒரு இடுக்கி. முன்காலில் உள்பக்கம் 3 விரல், வெளிப்பக்கம் 2. பின்காலில் மாறி இருக்கும். பற்றும்போது விரல்கள் கிளையைப் பாதிக்கு மேல் வளைத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் எதிரெதிர் விரல்கள் முட்டிக்கொள்ளக் கூடாது. வளர்ந்த பிராணிக்குப் பென்சில் பருமனிலிருந்து உங்கள் கட்டைவிரல் பருமன் வரை கலந்து வையுங்கள். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். பட்டையை உரிக்க வேண்டாம், பிடிமானமே அதில்தான். தூங்குவதற்கு மேலே சில மெல்லிய நுனிக் கிளைகளும் தேவை.

வெயில் காயும் கிளை தனிக் கவனம் கேட்கும். வெப்பமானியைக் கிளைமேல் வைத்து அளப்பது வீண். பச்சோந்தி உட்கார்ந்தால் முதுகு வரும் உயரத்தில் அளந்து பாருங்கள், 29–30 டிகிரி செல்சியஸ் போதும். ஆணின் தலைக்கொண்டை வளர வளர விளக்கை நெருங்கும். சூடு பட்டாலும் இது சட்டென்று விலகாது. ஆறு மாதம் முன்பு சரியாக இருந்த கிளையை இன்று இறக்க வேண்டி வரலாம்.

வெட்டியதைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் அரைகுறையாகக் காய்ந்த கட்டை பூசணம் பிடித்துவிடும். ஓவனில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கலாம். கேபிள் டையால் இரு முனையிலும் இறுக்கி, மீந்த வாலை ஒட்ட நறுக்குங்கள். நீங்கள் கையால் அழுத்தும்போது சுழலும் கிளை பச்சோந்திக்கு உதவாது.

இன்னொன்று. உங்கள் தோட்டத்திலேயே சின்னக் குள்ளப் பச்சோந்திகள் இருக்கக்கூடும். இரவில் டார்ச் அடித்தால் நுனிக் கிளைகளில் வெளுப்பாகத் தெரியும். துணைக்கு என்று மகன் ஒன்றைப் பிடித்துக் கூண்டில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு இனத்தை வளர்க்க மாகாண வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். அதோடு, பச்சோந்திகள் ஒரே கூண்டில் ஒன்றையொன்று சகிப்பதில்லை.