பொறுப்பு வந்துவிட்டதா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. ஈரோட்டில் சிறிய ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாக எதிலும் பிடிப்பில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பாதி நாள் கடை திறப்பதில்லை. மாமியார் சோம்பல் என்கிறார். போன மாதம்தான் கொஞ்சம் பொறுப்பு வந்து, எல்ஐசி பாலிசி, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, நாமினியாக என் பெயரையும் மாற்றிக் கையில் கொடுத்தார். அவரைப் பழையபடி சுறுசுறுப்பாக்க என்ன வழி?

பதில்: சுறுசுறுப்பு கிடக்கட்டும் அம்மா. கடை ஷட்டரைத் தூக்கவே மனமில்லாதவர் எல்ஐசி ஆபீஸ் படியேறி நாமினியை மாற்றி வந்திருக்கிறாரே, அதற்கு மட்டும் தெம்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? இதற்குப் பெயர் பொறுப்பா? உயிரை விட நினைப்பவர்களில் பலர் இப்படித்தான் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் அது இல்லை என்று உறுதியாகும் வரை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "ஏனுங்க, செத்துப்போயிரலாம்னு தோணுதுங்களா?" சுற்றி வளைக்க வேண்டாம். கேட்பதால் இல்லாத நினைப்பு புதிதாக வந்துவிடாது. பலருக்கு அது வாய்விட்டுச் சொல்லக் கிடைத்த முதல் வாய்ப்பு. ஆம் என்றாலோ, வாயே திறக்காவிட்டாலோ, தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, மாத்திரைப் பட்டைகளை வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். நிலைமை கைமீறினால் 108.

இல்லை என்றாலும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும். சர்க்கரை ஏறினால் மூன்று வருடம் சோம்பல் என்று பேசிக்கொண்டு இருப்பீர்களா? இது மனச்சோர்வாக இருக்கலாம்; இரண்டு வாரம் நீடித்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டிய நோய். தைராய்டு குறைந்தாலும் இப்படி ஆகலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும். நடுவில் "சரியாயிருச்சு" என்று அவராக நிறுத்தினால் விடாதீர்கள்.

மனைவி ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இருப்பவரின் முகத்தைப் பார்த்து விசாரிப்பது வீட்டில் எல்லோருடைய கடமையும்தான். பெற்ற மகனைச் சோம்பேறி என்று சொல்ல வாய் வருகிறதல்லவா, ஓபி சீட்டு வாங்கும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் சொல்வதை அவர் காதாலேயே கேட்கட்டும்.