குன்னூர்க் குளிரில் ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் நாறுவது ஏன்?

துவைத்த துணியிலேயே ஊறல் வாடை என்கிறீர்கள். கதவு ரப்பரின் கீழ் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள்: கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம், நடுவில் முடியும் நூலும். சில்லிட்ட தண்ணீரில் பவுடர் முழுசாகக் கரையாது. துணியின் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து டிரம்முக்குப் பின்னாலும் படியும். பூஞ்சைக்கும் கிருமிக்கும் அதுவே தீனி. உப்புப் படிவு நாறாது, அதனால் அந்தப் படிவை நீக்கும் டீஸ்கேலிங் பவுடரை மட்டும் நம்பாதீர்கள்.

மடிப்பை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, கீழே முன்பக்க வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். தேங்கிய தண்ணீர் கொட்டும், தட்டு வையுங்கள். பிறகு வெறும் டிரம்மில் ஆக்சிஜன் பிளீச் பவுடர் (குளோரின் இல்லாத பிளீச்) 100 கிராம் போட்டு, இருப்பதிலேயே சூடான சுற்று. குளோரின் பிளீச்சும் வினிகரும் மட்டும் சேரவே கூடாது, விஷவாயு வரும்.

இனி லிக்விட் சோப், அளவாக. மாதம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் ஒரு சுற்று. கதவும் சோப்புத் தட்டும் திறந்தே கிடக்கட்டும். மழைமாதத்தில் ரப்பரையும் துடைத்துவிடுங்கள்.