கிரியாட்டினின் 0.9-லிருந்து 2.4: அம்மாவுக்கு பயாப்ஸி அவசியமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக: "அம்மாவுக்கு வயது 57. நான்கு மாதமாக மூக்கடைப்பு, மூக்கில் ரத்தப் பொருக்கு, காதடைப்பு. சைனஸ் என்று மருந்து கொடுத்தார்கள். பிறகு இருமல் வந்தது. நெஞ்சு சிடி ஸ்கேனில் முடிச்சுகள் தெரிந்ததால் டிபி என்று சந்தேகப்பட்டார்கள். சளியில் கிருமி இல்லை. இதற்கிடையே 5 வாரத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 0.9, 1.6, 2.4 என்று ஏறிவிட்டது. சிறுநீரில் புரதமும் ரத்த அணுக்களும் இருக்கின்றன. ஆன்கா பரிசோதனையில் பிஆர்3 பாசிட்டிவ். கிட்னி பயாப்ஸி செய்து, ஸ்டீராய்டும் கீமோ மருந்தும் கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வயிற்று ஸ்கேனில் கிட்னி நார்மல் என்றுதான் எழுதியிருக்கிறது. 'கிட்னியைக் குத்தினால் அதோடு போச்சு', 'கீமோ மீதியையும் தின்றுவிடும்' என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். தெரிந்தவர் மூலம் வேறு ஊரில் ஒரு டாக்டரைப் பார்க்க 10 நாள் கழித்துத்தான் அப்பாயின்ட்மென்ட். காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம். இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை, நல்லதும்கூட. ஆனால் இந்த நோயில் அதை நாளைக்கே, ரிப்போர்ட்டுகளை அனுப்பி போனில் கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அம்மாவின் அறிகுறிகளை வரிசையாக வைத்தால் ஜிபிஏ (கிரானுலோமாட்டோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ்) என்ற நோயின் படம் தெரிகிறது. முன்பு வெக்னர் நோய் என்பார்கள். 2011-ல் பெயரை மாற்றினார்கள். உடலின் வெள்ளணுக்களையே தூண்டிவிடும் ஆன்கா என்ற எதிர்ப்பொருள் உருவாகி, அந்த அணுக்கள் சிறு ரத்தக்குழாய்களின் சுவரை அரிக்கின்றன. அம்மாவுக்கு வந்த பிஆர்3 அந்த ஆன்காவில் ஒரு வகை. மூக்கு, காது, நுரையீரல், கிட்னி என்று சிறு குழாய்கள் நெருக்கமாக உள்ள இடங்களில்தான் முதலில் கைவைக்கும். நம் ஊரில் நுரையீரல் முடிச்சைப் பார்த்ததும் டிபி நினைவுக்கு வருவது தப்பில்லை. டிபி மருந்து தொடங்கி மாதக்கணக்கில் நாள் கடத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் டாக்டர் ஆன்கா சோதித்துப் பார்த்தது பெரிய விஷயம்.

இப்போது கிரியாட்டினின். 2.4 என்பது டயாலிசிஸ் செய்யும் அளவு இல்லை என்பதால் யாரோ ஆறுதல் சொல்லியிருப்பார்கள். 0.9-லிருந்து பாருங்கள். தோராயமாகச் சொன்னால் கிரியாட்டினின் இரட்டிப்பானால் கிட்னியின் வேலை பாதியாகிவிட்டது என்று பொருள். அம்மாவிடம் மிஞ்சியிருப்பது முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. அதுவும் 5 வாரத்தில். சர்க்கரை நோயில் இந்த இழப்புக்குப் பல ஆண்டு ஆகும். தவிர, ரத்தத்தில் கிரியாட்டினின் சேர்ந்து எண் ஏறுவதற்குள் கிட்னி இன்னும் கீழே இறங்கியிருக்கும். லேப் ரிப்போர்ட் எப்போதும் கொஞ்சம் பழைய செய்தி.

ஸ்கேன் நார்மல் என்பதில் மயங்காதீர்கள். அல்ட்ராசவுண்ட் கிட்னியின் நீளத்தையும் அடைப்பையும் கல்லையும் காட்டும். ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் சிறு கிண்ணத்துக்குள் வைத்த நூல்கண்டு மாதிரி, ரத்தக்குழாய்ச் சுருள். நோய் அந்தச் சுருளில். ஸ்கேனின் கண்ணுக்கு அது எட்டாது.

எட்டுவது சிறுநீருக்கு. சுருள் கிழிந்ததும் சிவப்பணுக்கள் கிண்ணத்துக்குள் கொட்டி, நுண்குழாய்களில் இறுகி, அந்தக் குழாயின் வடிவத்திலேயே குச்சி குச்சியாக வெளியே வரும். மைக்ராஸ்கோப்பில் செங்கல் நிறத்தில் அந்த ஒரு குச்சியைப் பார்த்துவிட்டால் போதும், ரத்தம் கல்லிலிருந்தோ சிறுநீர்ப்பையிலிருந்தோ வரவில்லை, வடிகட்டியிலிருந்தே வருகிறது என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் காலையில் பிடித்த சிறுநீர் மதியம் வரை மேசையில் கிடந்தால் குச்சி கரைந்துவிடும். அதனால் லேபிலேயே பிடித்து உடனே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போகிறதா, தண்ணீர் ஊற்றியும் நுரை அடங்காமல் நிற்கிறதா, கால் வீங்குகிறதா என்பதைத்தான். வலி இருக்காது. வலிக்கவில்லை என்பதால்தான் இந்த நோயாளிகள் தாமதமாக வருகிறார்கள்.

பயாப்ஸிக்கு வருவோம். குப்புறப் படுக்க வைத்து, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, முதுகுப்புறம் மரத்துப்போக ஊசி போடுவார்கள். "மூச்சைப் பிடியுங்கள்" என்பார்கள். 'க்ளிக்' என்று ஒரு சத்தம். வெளியே வருவது சேமியா போல ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இழை. இரண்டு இழை எடுத்தால் பெரும்பாலும் போதும். அதில் கிடைக்கும் வடிகட்டிகள் பத்து, இருபது, சில சமயம் முப்பது. பத்து லட்சத்தில் முப்பது போனதால் கிட்னி போகாது. சிலருக்கு ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். நிற்காமல் ரத்தம் கசிந்து வேறு சிகிச்சை தேவைப்படுவது அரிது. அதைத் தவிர்க்கத்தான் பிரஷரைக் கட்டுக்குள் வைத்து, ரத்தம் உறையும் சோதனை செய்கிறோம். அம்மா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாத மாத்திரை ஏதாவது எடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சேமியா இழை சொல்வது என்ன? சுருளைச் சுற்றி, கிண்ணத்துக்குள் அணுக்கள் பிறை நிலா வடிவில் குவிந்திருக்கும். பிறை இளசாக, அணுக்களாலேயே ஆனதாக இருந்தால் மருந்துக்கு மசியும். நாராகித் தழும்பேறியிருந்தால் எந்த மருந்தும் அதைத் திருப்பாது. எத்தனை நல்ல வடிகட்டி மிச்சம், எத்தனை தழும்பு என்ற கணக்கைப் பார்த்துத்தான் எவ்வளவு கிட்னி திரும்பும் என்று டாக்டர் ஓரளவு சொல்ல முடியும். இன்றைய பிறை சில வாரத்தில் தழும்பு. 10 நாள் கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஒரு முக்கியமான விஷயம். பயாப்ஸிக்கு இரண்டு நாள் தாமதம் என்றால் அதுவரை மருந்து நிற்க வேண்டியதில்லை. பிஆர்3 பாசிட்டிவ், மூக்கு, நுரையீரல், சிறுநீர் எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது, கிருமித் தொற்று இல்லை என்று பார்த்துக்கொண்டு ஸ்டீராய்டு ஊசியைத் தொடங்கிவிடலாம். பெரும்பாலும் மெத்தில்பிரட்னிசலோன், 3 நாள். பிறகு பிரட்னிசலோன் மாத்திரை.

'கீமோ' என்பது அநேகமாக சைக்ளோபாஸ்பமைட். புற்றுநோய்க்கும் இதே மருந்துதான், இந்த நோய்க்கு அளவு குறைவு. இது கிட்னியைத் தின்னும் மருந்து இல்லை. கிட்னி வழியாக வெளியேறும் மருந்து. அதனால் கிட்னி மந்தமாக இருந்தாலும் வயது கூடியிருந்தாலும் டோஸைக் குறைப்போம். 1950-களில் சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்கள் சராசரியாக 5 மாதம்தான் இருந்தார்கள். 1983-ல் அமெரிக்காவில் 85 பேருக்கு இந்த மருந்தையும் ஸ்டீராய்டையும் கொடுத்துப் பார்த்ததில் 93 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் முதல் பெயர் அந்தோணி ஃபௌசி; கொரோனா சமயத்தில் டிவியில் தினமும் பார்த்தோமே, அவரேதான்.

அதன் கெடுதல்கள் வேறு இடத்தில். எலும்பு மஜ்ஜை, சிறுநீர்ப்பை, கிருமித் தொற்று. மருந்து ஏறும் நாளில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுக் குடிக்க வேண்டும், பத்துப் பதினான்கு நாளில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். (இதே நோய் உள்ள இளம் பெண்களும் ஆண்களும், பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முதல் டோஸுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.) இதற்குப் பதிலாக ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி மருந்தைக் கொடுக்கலாம், 2010-லேயே இது சைக்ளோபாஸ்பமைடுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்துவிட்டது. இந்தியாவில் 2007 முதல் உள்நாட்டுத் தயாரிப்பும் உண்டு. எதற்கு முன்னும் ஹெபடைடிஸ் பி-யும் டிபி-யும் சோதித்தாக வேண்டும். நிமோனியாவைத் தடுக்கத் தரும் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரையை 'இது எதற்கு' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றுவது பற்றியும் யாராவது சொல்வார்கள். 2020-ல் வந்த 704 பேர் கொண்ட பெரிய ஆய்வில், அதனால் மரணமோ நிரந்தர டயாலிசிஸோ குறையவில்லை. கிட்னி மிக மோசமான சிலருக்கு இன்றும் யோசிக்கிறோம், அம்மாவின் 2.4-க்கு நான் அவசரப்பட மாட்டேன். அதே ஆய்வில் ஸ்டீராய்டை வேகமாகக் குறைத்தவர்களும், வழக்கமான அளவு எடுத்தவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள்; தீவிரத் தொற்றும் குறைந்தது. எனக்கு அதில் பயன்பட்டது இந்தப் பாதிதான்.

டயாலிசிஸ் வருமா என்ற பயம் நியாயமானது. உறுதி தர முடியாது. வந்தாலும் சிலர் சில வாரங்களில், மூன்று மாதத்தில்கூட அதிலிருந்து விடுபடுகிறார்கள். கிரியாட்டினின் 0.9-க்குத் திரும்பாமல் 1.5-இல் நின்றால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்; அம்மா அதோடு பல காலம் நடமாடலாம்.

இதற்கிடையில் வீட்டில் யாராவது வாழைத்தண்டு சாறு, நெருஞ்சிமுள் கஷாயம் என்று கிளம்புவார்கள். இது கல் இல்லை. கிரியாட்டினின் ஏறிய நேரத்தில் பொட்டாசியம் உள்ள சாறுகள் இதயத்துக்கே வினையாகலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையும் கூடாது. மருந்து தொடங்கிய பின் காய்ச்சல் 100.4 தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரி. இருமலில் ரத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் மணி பார்க்காமல் எமர்ஜென்சி. நுரையீரலுக்குள் ரத்தம் கசிவது இந்த நோயில் உண்டு.

பிஆர்3 வகை திரும்பி வரும் குணம் உள்ளது. அதனால் நோய் அடங்கிய பிறகும் பெரும்பாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் ஊசி, அல்லது தினமும் அசதயோபிரின் மாத்திரை என்று ஆண்டுக்கணக்கில் போகும். ஸ்டீராய்டை முகம் ஊதுகிறது என்று தானாக நிறுத்தினால் ஆபத்து.

நாளை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது 0.9 என்று வந்த அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். சிடி ஸ்கேன் பதிந்த டிஸ்க்கையும், மூக்கு டாக்டர் எழுதிய சீட்டுகளையும். வெறும் 2.4-ஐ மட்டும் பார்க்கும் புது டாக்டருக்கு அது பழைய கிட்னி நோயாகத் தெரியலாம், 0.9 பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே அட்மிஷன் போடுவார்.