லிட்டில் பிக்ஹார்னில் கஸ்டர் ஏன் அன்றே தாக்கினார்?

1876 ஜூன் 25, அமெரிக்காவின் மொன்டானா. லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் இருந்த லகோட்டா, செயென் பழங்குடியினரின் முகாமை அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டர் தாக்கித் தோற்ற நாள். படையைப் பிரித்துப் பட்டப்பகலில் தாக்கியது கஸ்டரின் வெறும் ஆணவமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் பெரிய காரணம் என்பேன். விடியும் நேரத்தில் ஒரு குன்றிலிருந்து கஸ்டர் படையின் குரோ பழங்குடி ஒற்றர்கள், சுமார் 15 மைல் தள்ளிப் பெரிய குதிரைக் கூட்டத்தைக் கண்டார்கள். புல்லில் புழு நெளிவதுபோல் தெரியும், அதைத் தேடுங்கள் என்றார்கள். கஸ்டர் ஏறிப் பார்ப்பதற்குள் வெயில் வந்து மூட்டம் போட்டுவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம், எதிரி நம்மைப் பார்த்துவிட்டான், கலைந்து ஓடிவிடுவான் என்ற கவலை. மறுநாள் விடியலில் தாக்கும் திட்டத்தை அதனால்தான் கைவிட்டார். ஆற்றோர மரங்களும் மேடுகளும் முகாமின் அளவை மறைத்தன. கஸ்டர் பிரித்தனுப்பிய ஒரு பிரிவின் தலைவர் ரீனோ பள்ளத்தாக்கில் மோதியபோது, கஸ்டர் ஆற்றுக்குக் கிழக்கே மேட்டின்மேல் போய்க்கொண்டிருந்தார்.